துண்டு துண்டாய் ஓர் இலக்கியம்

நம் தங்கையின் மகள் அமெரிக்காவில் பன்னிரண்டாம் வகுப்பை முடித்துவிட்டு விடுமுறைக்கு ஊர் வந்திருந்தாள். அவள் பெட்டியில் இருந்த பொருள்களுள் ஒன்று, பள்ளி இறுதியாண்டில் அங்கே பாடமாக வைக்கப்படும் பிரிட்டிஷ் இலக்கியத் தொகுப்பின் பழைய பிரதி. ஆயிரம் பக்கங்களுக்கு மேற்பட்ட நூல். தலைக்கு உயரமாக வைத்துக்கொண்டு உறங்கலாம், அத்துணைப் பருமன். அதைப் புரட்டியபடியே, இதில் உனக்குப் பிடித்தது எது என்று கேட்டோம்.

“பேவுல்ஃப் காவியம், மாமா. அரக்கனின் கையைப் பிய்த்து எறிந்து ஜெயித்துவிடுகிறார்.”

“சரி, அந்த வீரர் எப்படி இறந்தார்?”

“இறந்துவிட்டாரா? எங்களுக்கு அவ்வளவு தூரம் பாடம் இல்லையே!”

இந்த மறுமொழியே இக்கட்டுரைக்குத் தோற்றுவாய். கடல்கடந்து வாழும் நம் குடும்பத்துப் பிள்ளைகள் பலர் இத்தகைய வகுப்பில் அமர்கின்றனர். ஆதலின் அந்தப் பாடத்திட்டம் எப்படி வகுக்கப்படுகிறது, எப்படி வகுக்கப்படல் வேண்டும் என்று ஆராய்வது நமக்குப் புறம்பான செயல் அன்று.

பேவுல்ஃப் 3182 அடிகள் கொண்ட பழைய ஆங்கிலக் காவியம். அதன் கையெழுத்துப்படி உலகில் ஒன்றே உண்டு. 1731-ஆம் ஆண்டுத் தீவிபத்தில் ஓரம் கருகித் தப்பிய அந்த ஏடு இன்று லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளது. கிரெண்டல் என்னும் அரக்கனை வீரன் வெல்வது காவியத்தின் தொடக்கப் பகுதியே. பின்னர் அரக்கனின் தாயை வெல்கிறான். தன் நாடு திரும்பி அரசனாகி ஐம்பது ஆண்டுகள் ஆள்கிறான். முதுமையில், தீயுமிழும் நாகம் நாட்டை எரிக்கும்போது மீண்டும் வாளெடுக்கிறான். உடன் வந்த தோழர்களுள் பதின்மர் அஞ்சிக் காட்டுக்குள் ஓடிவிட, விக்லாஃப் என்னும் இளைஞன் ஒருவனே அருகில் நிற்கிறான். நாகமும் மாய்கிறது, மன்னனும் மாய்கிறான். காவலனை இழந்த மக்கள் இனி வரப்போகும் பகைவரை எண்ணி அழுவதோடு காவியம் முடிகிறது. முற்பகுதியோடு நூலை மூடிய மாணவிக்கு இது வெற்றிக் கதை. முழுதும் படித்தவர்க்கோ இது ஒரு கையறுநிலை. ஒரே நூலின் பொருள் இருவருக்கும் நேர் எதிராய் நிற்கிறது; பாதி படித்தால் பாதிப் பொருளேனும் கிட்டும் என்னும் எண்ணம் இங்கே பொய்த்துவிடுகிறது.

இந்நிலைக்கு ஆசிரியரைக் குறை கூறுதல் முறையன்று. கணக்கைப் பாருங்கள். அமெரிக்காவின் பல மாநிலங்களில் பள்ளி நாட்கள் ஆண்டுக்கு ஏறத்தாழ 180. தேர்வு, விழா, பனி விடுமுறை ஆகியன போக 150 என்று கொள்வோம். பேவுல்ஃப் தொடங்கி இன்றைய நாவல் வரை ஆயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட இலக்கியத்தை இந்நாட்களில் வரிசையாக நடத்த வேண்டுமெனின், நாளொன்றுக்கு ஏழாண்டு ஓடியாக வேண்டும்! ஷேக்ஸ்பியர் எழுதிய காலமெல்லாம் நான்கு நாளில் கழிந்துவிடும். இவ்வோட்டத்தில் எவர்தாம் நாகத்தின் குகைவரை நடந்து செல்லக் கூடும்?

காலவரிசையில் இன்னொரு கேடும் உண்டு. மொழியால் மிகத் தொலைவில் உள்ளவை ஆண்டுத் தொடக்கத்தில் வருகின்றன. மாணவர்க்கு அணுக்கமான இருபதாம் நூற்றாண்டு, இளவேனிலில், கல்லூரி அனுமதிக் கடிதங்கள் கைக்கு வந்து பிள்ளைகளின் மனம் வகுப்பறையை விட்டுப் பறந்துவிட்ட வேளையில் வருகின்றது. முதற்போரின் கவிஞர் வில்ஃபிரட் ஓவன், போர் ஓய்வதற்கு ஒரு வாரம் முன்பு, 1918 நவம்பர் 4-இல், தம் இருபத்தைந்தாம் வயதில் களத்தில் வீழ்ந்தவர். அவர் கவிதைகளைக் கேட்கத் தகுந்த வயது பதினேழன்றி வேறெது? ஆயினும் நம் பெண் அவர் பெயரைத் தொகுப்பின் பொருளடக்கத்தில் மட்டுமே கண்டிருக்கிறாள்.

இவ்வரிசையைச் சட்டம் விதித்ததா எனின், இல்லை. 2010-இல் வெளியாகிப் பல மாநிலங்கள் ஏற்ற பொதுப் பாடத்தரம், இறுதி இரண்டு வகுப்புகளில் ஷேக்ஸ்பியர் நாடகம் ஒன்றேனும், அமெரிக்க நாடகம் ஒன்றேனும் இடம்பெற வேண்டும் என்கிறது. பேவுல்ஃபிலிருந்து அணிவகுத்து வரவேண்டும் என்று கூறவில்லை. பதினோராம் வகுப்பில் அமெரிக்க இலக்கியம், பன்னிரண்டில் பிரிட்டிஷ் இலக்கியம் என்பது அங்குள்ள பள்ளிகள் பலவற்றின் வழக்கம். தொகுப்பு நூல் அவ்வழக்கத்தை இறுக்கிக் கட்டிவிட்டது.

சரி, அவ்விலக்கியத்தின் தாயகமாகிய இங்கிலாந்து என்ன செய்கிறது? அங்கே பதினாறு முதல் பதினெட்டு வயது வரை இரண்டாண்டு பயிலும் உயர்நிலை இலக்கியப் பாடத்திற்கு 2014-இல் வகுத்த விதிகள், குறைந்தது எட்டு நூல்கள் என்கின்றன. அவற்றுள் மூன்றேனும் 1900-க்கு முற்பட்டவை. அம்மூன்றில் ஒன்று ஷேக்ஸ்பியர். ஒன்றேனும் 2000-க்குப் பிற்பட்டது. தன் வீட்டுச் சொத்தை இரண்டாண்டில் எட்டு நூலாகப் பிள்ளைகளுக்குக் காட்டினால் போதும் என்று வீட்டுக்காரரே கருதுகையில், கடலுக்கு அப்பாலுள்ளவர் ஓராண்டில் ஆயிரம் ஆண்டையும் அள்ளித் தர முனைவதை என்னென்பது!

வரிசைமுறைக்கு ஆதரவாய்ச் சொல்லப்படும் வாதத்தை நாம் தள்ளிவிடவில்லை. அப்பிள்ளைகளில் பெரும்பாலோர் பொறியியலுக்கோ வணிகத்திற்கோ செல்பவர்; மில்டன் என்றொருவர் இருந்தார் என்பதை அறிய அவர்க்கு இதுவே இறுதி வாய்ப்பு; பெயரேனும் தெரியட்டுமே என்பர். நல்லெண்ணந்தான். ஆயினும் பெயர் மட்டும் தெரிந்த கல்வியை நாம் நன்கறிவோம். நாம் கல்லூரியில் பயின்ற காலத்தில் ‘இழந்த சொர்க்கம்’ பற்றி ஆறு பக்கம் விடை எழுதி நல்ல மதிப்பெண்ணும் பெற்றோம். எல்லாம் நோட்ஸ் புத்தகத்தின் அருள். பத்தாயிரம் அடிகளுக்கு மேற்பட்ட அக்காப்பியத்தை உண்மையில் திறந்து படித்தது பல ஆண்டுகள் சென்ற பின்னரே. அன்று எழுதிய ஆறு பக்கத்தில் ஒரு வரியும் நம்முடையது அன்று என்பது அப்போதுதான் நமக்கு உறைத்தது. பெயர்களை அறிவிக்க வகுப்பறைச் சுவரில் ஒரு காலக்கோட்டுப் படம் மாட்டினால் போதும். வகுப்பு நேரத்தைச் செலவிட வேண்டியதில்லை.

ஆகவே ஒரு திட்டத்தை நாமே வகுத்துப் பார்ப்போம். ஒரே நெறி: எடுத்துக்கொள்வது எதுவாயினும் முழுதாக இருத்தல் வேண்டும். நூல் பெரிதாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. பதினான்கு அடிச் சானெட் ஒரு முழுநூல். ஸ்விஃப்ட் 1729-இல், அயர்லாந்தின் வறுமையைத் தீர்க்க ஏழைக் குழந்தைகளை உணவாக விற்கலாம் என்று முகத்தில் சிரிப்பின் சாயலும் இல்லாமல் எழுதிய அங்கதக் கட்டுரை சில பக்கமே. அதுவும் ஒரு முழுநூல். நாவலின் நடுவிலிருந்து கிழித்தெடுத்த முப்பது பக்கம் அவ்வாறன்று.

பேவுல்ஃபை ஷேமஸ் ஹீனியின் 1999-ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பில் நாகம் வரை, சிதை வரை படித்தல் வேண்டும். ‘பிரிட்டிஷ்’ இலக்கியத்தின் வாயிலில் நிற்கும் இக்காவியத்தில் இங்கிலாந்து மண்ணில் நிகழும் காட்சி ஒன்றுகூட இல்லை. கதை முழுதும் டென்மார்க்கிலும் இன்றைய சுவீடனின் தென்பகுதியிலும் நிகழ்வது. இதை மாணவர்க்கு முதல் நாளே சொல்லிவிட்டால், பின்னர் எழும் எத்தனையோ வீண் வினாக்கள் எழாமற் போகும்.

சாசரைப் பொறுத்தவரை, கான்டர்பரிக் கதைகளின் முகவுரையை மட்டும் நடத்தி நிறுத்துவது பலரும் செய்வது. விளைவு என்ன? யாத்திரிகர்கள் சத்திரத்தை விட்டுக் கிளம்பியும் கதை ஒன்றும் சொல்வதே இல்லை! முகவுரையில் ஆள் அறிமுகம். அவர் சொல்லும் கதையில்தான் ஆளின் உள்ளம். முகவுரையோடு, பேராசையே பெரும்பாவம் என்று பேராசைக்காரனே உபதேசிக்கும் பாவமன்னிப்பு விற்பவனின் கதையையும் சேர்த்துப் படித்தால் சாசர் இன்னார் என்பது விளங்கும். முகவுரையை விரைந்து கடப்பவர் தவறவிடும் மற்றொன்று, அங்கே வரும் மருத்துவர். அவர் கற்ற ஆசிரியர்களின் பட்டியலில் கிரேக்கரோடு ராஸி, இப்னு சீனா, இப்னு ருஷ்து ஆகியோரின் பெயர்களைச் சாசர் அடுக்குகிறார். இப்னு சீனாவின் மருத்துவ நூல் ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் பாடமாக இருந்த காலம் அது. பதினான்காம் நூற்றாண்டு லண்டன்வாசி ஒருவருக்கு இப்பெயர்கள் விளக்கம் வேண்டாத பெயர்கள். இன்றைய பதிப்புகளிலோ அவற்றுக்கு அடிக்குறிப்பு வேண்டியிருக்கிறது. வகுப்பில் அமர்ந்திருக்கும் நம் பிள்ளை, அக்குறிப்பைப் பாராமலே அப்பெயர்களுள் ஒன்றையேனும் அடையாளம் காணக்கூடும்.

ஷேக்ஸ்பியருக்கு ‘மக்பெத்’. 1623-ஆம் ஆண்டுத் தொகுப்பில் முதன்முதல் அச்சேறிய இந்நாடகம், அவர்தம் பெருந்துன்பியல்களுள் மிகச் சிறியது. ‘ஹாம்லெட்’டின் பாதியைச் சற்றே விஞ்சும். பாத்திரங்களைப் பங்கிட்டு மாணவரே உரக்கப் படித்தால் மூன்று வாரத்தில் முடியும். திரைப்படம் காட்டி ஒப்பேற்றுவதை நாம் விரும்பவில்லை. அச்சொற்கள் அவர்கள் வாயில் புரள வேண்டும்.

திட்டத்தின் நடுநாயகமாக நாம் வைக்க விரும்புவது மேரி ஷெல்லியின் ‘ஃபிராங்கன்ஸ்டைன்’. 1818-இல் வெளியான இந்நாவலை அவர் எழுதத் தொடங்கியபோது வயது பதினெட்டு; அதாவது, அவ்வகுப்பில் அமர்ந்திருக்கும் பெண்ணின் வயது. துண்டாய்ப் படித்தவர்க்கு இது பிணத்துண்டுகளிலிருந்து பூதம் எழும் திகில் கதை. நாவலின் நடுப்பகுதியிலோ அந்தப் படைப்பு தன் வரலாற்றைத் தானே உரைக்கிறது. மறைந்திருந்து மொழி கற்றதையும், கண்டெடுத்த நூல்களுள் ஒன்றாய் மில்டனின் காப்பியத்தைப் படித்துத் தன்னை ஆதமோடும் சாத்தானோடும் ஒப்பிட்டுத் துடித்ததையும் சொல்கிறது. மில்டனைப் படிக்க மாணவர்க்கு இதைவிட நல்ல காரணம் கிடையாது. இங்கே நாம் நம் நெறியைச் சற்றுத் தளர்த்தி, ‘இழந்த சொர்க்க’த்தின் முதற்காண்டத்தை மட்டும் வைக்க உடன்படுகிறோம். அக்காண்டம் தனித்து நிற்க வல்லது.

அப்படைப்பு மொழி கற்றது எவ்வாறு? ஸாஃபி என்னும் அரபுப் பெண்ணுக்கு ஒரு குடும்பம் பாடம் சொல்லித்தர, சுவரிடுக்கு வழியாகக் கேட்டுக் கற்கிறது. ஸாஃபியின் தந்தை துருக்கி வணிகர். தாய் கிறிஸ்தவ அரபுப் பெண். இவ்விடத்தில், அறிவாற்றலும் உளச்சுதந்திரமும் முஸ்லிம் பெண்களுக்கு விலக்கப்பட்டவை என்னும் கருத்தை ஆசிரியை போகிற போக்கில் எழுதிச் செல்கிறார். அக்காலத்து ஐரோப்பாவில் உலவிய கேள்விவழிக் கருத்து அது. அவர் அதைச் சோதித்துப் பார்த்தவர் அல்லர். இந்தப் பக்கத்தை வகுப்பில் மறைத்தல் வேண்டுமா? வேண்டா என்பதே நம் கருத்து. வெறுத்தொதுக்கப்பட்ட ஓர் உயிரின் நெஞ்சுக்குள் புகுந்து பார்த்த அதே பதினெட்டு வயதுப் பெண்ணால், தான் காணாத ஒரு சமுதாயத்தின் பெண்களை அவ்வாறு பார்க்க இயலவில்லை. இது ஓர் ஒப்பற்ற திறனாய்வு வினா. முக்காடிட்டுக்கொண்டு முதல் வரிசையில் அமர்ந்திருக்கும் நம் பெண், கையுயர்த்தி, மேரி ஷெல்லியோடு வாதிடட்டும். துண்டுப் பாடம் அவளை அந்த அவமதிப்பினின்று காப்பது போலத் தோன்றும். உண்மையில் அந்த வாதத்தை அவளிடமிருந்து பறித்துவிடுகிறது.

இறுதியில் நம் காலத்து நாவல் ஒன்று. நாகசாகியில் பிறந்து குழந்தையாய் இங்கிலாந்து சென்று 2017-இல் நோபல் பரிசு பெற்ற கசுவோ இஷிகுரோவின் நாவலை வைக்கலாம். நம் மனம் நாடுவது 2021-இல் அப்பரிசு பெற்ற அப்துல்ரசாக் குர்னாவை. சான்சிபாரில் 1948-இல் பிறந்து, 1960களின் இறுதியில் அகதியாய் இங்கிலாந்து புகுந்தவர். 1994-இல் வெளிவந்த அவருடைய ‘சொர்க்கம்’ நாவலில், தந்தையின் கடனுக்கு ஈடாக வணிகர் ஒருவரிடம் ஒப்படைக்கப்படும் சிறுவனின் பெயர் யூசுப். நபி யூசுப் (அலை) அவர்களின் வரலாற்றைக் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு, அதன் நிழல் இந்நாவலில் எங்கெங்கு விழுகிறது என்று எவரும் விளக்க வேண்டியிராது. எனினும் அதில் பிள்ளைகள்பால் பெரியோர் இழைக்கும் சில கொடுமைகளும் வருகின்றன. அதை வைக்குமுன் ஆசிரியர் தாம் ஒருமுறை முழுதும் படித்து முடிவு செய்தல் வேண்டும்.

இடையிடையே வேர்ட்ஸ்வொர்த், கீட்ஸ், ஓவன் ஆகியோரின் சில கவிதைகள். இத்திட்டத்தில் ஸ்பென்சர் இல்லை. டிரைடனும் போப்பும் இல்லை. டிக்கன்ஸ் இல்லாதது நமக்கே வலிக்கிறது. மூன்று முறை அவரைச் சேர்த்து மூன்று முறை நீக்கினோம். அவரை முழுதாக ஏற்ற நாட்கள் போதவில்லை, துண்டாக ஏற்ற மனம் வரவில்லை.

ஊர் திரும்புமுன் நம் மருமகளிடம் பேவுல்ஃபின் பிற்பகுதியைக் கொடுத்தோம். இரண்டு மாலைப்பொழுதில் முடித்துவிட்டுத் திண்ணைக்கு வந்தாள். நாகத்தைப் பற்றி அவள் ஒன்றும் கேட்கவில்லை.

“அந்தப் பத்துப் பேரும் ஏன் மாமா ஓடினார்கள்? அவரிடம்தானே வாளும் கவசமும் வாங்கினார்கள்?”

மஃரிபுக்குப் பாங்கு சொல்லும் வரை அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம்.