பந்தியில் உட்காராத வீட்டுக்காரர்

ஆண்டுவிழா ஆல்பம் என்றாலே எனக்குக் கொஞ்சம் பயம். வயதான ஒரு இசைக்குழு நாலு பெரிய பெயர்களைக் கூப்பிட்டு, ஆளுக்கொரு பாட்டைக் கொடுத்து, அட்டையில் எல்லாப் பெயரையும் போட்டுவிடும். கேட்டால், கல்யாண வரவேற்பில் வரிசையாக மேடையேறி போட்டோ எடுத்துக்கொண்ட மாதிரி இருக்கும். எல்லாரும் வந்தார்கள், சிரித்தார்கள், போனார்கள். மாப்பிள்ளை முகம் மட்டும் ஞாபகத்தில் இருக்காது.

லண்டனைச் சேர்ந்த இன்காக்னிட்டோ குழு தன் முப்பதாண்டு நிறைவையொட்டி 2010-இல் வெளியிட்ட ‘டிரான்ஸ்அட்லாண்டிக் ஆர்.பி.எம்.’ ஆல்பத்தையும் இந்தச் சந்தேகத்தோடுதான் கேட்க ஆரம்பித்தேன். சாக்கா கான், லியோன் வேர், இத்தாலியப் பாடகர் மரியோ பியோண்டி என்று விருந்தினர் பட்டியல் பெரிசு. மாப்பிள்ளை முகம் இங்கேயும் சரியாகத் தெரியவில்லை. ஆனால் கேட்கக் கேட்க ஒன்று புரிந்தது: இந்தக் குழுவுக்கு அது குறையே இல்லை, ஆரம்பத்திலிருந்தே அதன் சுபாவம் அதுதான். பெயரே அப்படித்தானே? இன்காக்னிட்டோ என்றால் அடையாளத்தை மறைத்துக்கொண்டு உலவுகிறவர்.

குழுவை 1979-இல் தொடங்கியவர்கள் ஜான்-பால் மோனிக்கும் பேஸ் கிதார்க்காரர் பால் ‘டப்ஸ்’ வில்லியம்ஸும். மோனிக்கை எல்லாரும் புளூயி என்றுதான் கூப்பிடுவார்கள். மொரீஷியஸில் பிறந்து, சிறுவனாக இங்கிலாந்துக்கு வந்தவர். இரண்டு பேரும் லைட் ஆஃப் தி வேர்ல்ட் என்ற குழுவிலிருந்து வந்தவர்கள். பிரிட்டனில் ஜாஸ்-ஃபங்க் கிளம்பிய காலம் அது. ஜாஸின் ஸ்வரச் சேர்க்கைகளும் தனி ஆவர்த்தனங்களும் மேலே. ஃபங்க்கின் பேஸும் டிரம்ஸும் கீழே. அந்த இசைக்குப் பாடகர் கட்டாயம் இல்லை. 1981-இல் வந்த அவர்களுடைய முதல் ஆல்பமான ‘ஜாஸ் ஃபங்க்’ பெரும்பாலும் வாத்திய இசைதான். ஆக, பாடுகிறவர் விருந்தாளி என்பது இந்த வகைமைக்குள்ளேயே இருக்கிற விஷயம்.

அதற்குப் பிறகு அடுத்த ஆல்பம் வரப் பத்து வருஷம் ஆனது. 1991-இல் ‘இன்சைடு லைஃப்’ வந்தபோது குழுவைத் தூக்கி நிறுத்தியது ‘ஆல்வேஸ் தேர்’ என்ற பாட்டு. பிரிட்டிஷ் பட்டியலில் ஆறாவது இடம் வரைக்கும் போனது. மெட்டு ரானி லாஸ் 1975-இல் வாசித்தது. குரல் அமெரிக்கப் பாடகி ஜாஸ்லின் பிரவுனுடையது. அடுத்த வருஷம் பேர் வாங்கிக்கொடுத்த ‘டோன்ட் யூ வொர்ரி ’பௌட் எ திங்’ ஸ்டீவி வொண்டரின் பாட்டு. பாடியவர் பால்டிமோரைச் சேர்ந்த மைசா லீக். குழுவின் மிகப் பிரபலமான இரண்டு பாட்டுகளும் இரவல் மெட்டு, வந்தவர் குரல். இதை வைத்து இவர்களைச் சொந்தச் சரக்கில்லாதவர்கள் என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. எனக்கும் ரொம்ப நாள் அந்த எண்ணம்தான்.

என் எண்ணத்தை அசைத்தது இந்த ஆல்பத்தின் முதல் பாட்டு. ‘லோடவுன்’, பாஸ் ஸ்கேக்ஸ் 1976-இல் பாடியது. மூலத்தில் வாசித்த டேவிட் பெய்ச், ஜெஃப் போர்கேரோ, டேவிட் ஹங்கேட் மூவரும் சேர்ந்துதான் பிற்பாடு டோட்டோ குழுவை அமைத்தார்கள். பாட்டின் விஷயம் எளிது. காசைக் கரைக்கிற பெண்ணைப் பற்றி ஒரு ஆள் தன் நண்பனுக்குச் செய்கிற எச்சரிக்கை. ஸ்கேக்ஸ் அதை லேசான, கொஞ்சம் அலட்சியமான குரலில் பாடினார். பார் மேசையில் சாய்ந்துகொண்டு ஊர்வம்பு பேசுகிற தோரணை. இன்காக்னிட்டோவில் அதையே பியோண்டியும் சாக்கா கானும் பங்குபோட்டுக்கொள்கிறார்கள். அடிவயிற்றிலிருந்து வருகிற ஆண் குரல் ஒன்று. அதன்மேல் தாவி ஏறுகிற பெண் குரல் ஒன்று. எந்தப் பெண்ணைப் பற்றிய வம்போ, அந்தப் பக்கத்திலிருந்தே ஒருத்தி வந்து உட்கார்ந்துவிட்ட மாதிரி ஆகிவிடுகிறது. வம்பு வாக்குவாதமாக மாறுகிறது. ஒரு வார்த்தையைக்கூடத் தொடாமல், யார் பாடுவது என்பதை மட்டும் மாற்றிப் பாட்டின் அர்த்தத்தைத் திருப்பிவிட்டார் புளூயி. இதைச் செய்ய ஒரு காது வேணும். அந்தக் காதுதான் இந்தக் குழுவின் சொந்தச் சரக்கு.

இதைவிட முக்கியமான தேர்வு லியோன் வேர். அமெரிக்கக் கறுப்பின இசையை மேலோட்டமாகக் கேட்கிறவர்களுக்கு இந்தப் பெயர் தெரிந்திருக்காது. மார்வின் கேயின் ‘ஐ வான்ட் யூ’ ஆல்பம் 1976-இல் வந்தது. அதன் பாடல்களை வேர் தன் சொந்த ஆல்பத்துக்காகத்தான் உருவாக்கிக்கொண்டிருந்தார். அவை கேயின் கைக்குப் போயின. உலகம் அதை மார்வின் கேயின் ஆல்பமாகவே நினைவில் வைத்திருக்கிறது. தன் பாட்டுகளை இன்னொருவர் குரலில் உலகம் கொண்டாடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தவர். அவருக்கும் இன்காக்னிட்டோ என்று பெயர் வைக்கலாம். எழுபது வயதில் அவரைக் கூப்பிட்டு, ‘லைன் இன் தி சாண்ட்’ பாட்டில் மைக்கைக் கையில் கொடுக்கிறார் புளூயி. பெரிய பெயரை வைத்து விற்கிற கணக்காக இதைப் பார்க்க முடியவில்லை. கடன் அடைக்கிற காரியமாகத்தான் பட்டது. வேர் 2017-இல் இறந்துவிட்டார் என்பதால் இன்றைக்கு இந்தப் பாட்டுக்கு இன்னும் கொஞ்சம் கனம் கூடியிருக்கிறது.

தலைப்பும் அந்தக் கடனைத்தான் சொல்கிறது. ஆர்.பி.எம். என்பது இசைத்தட்டின் சுழற்சி வேகம். அட்லாண்டிக் கடல் தாண்டி வந்த தட்டுகளைத் தேடிப்பிடித்து, அதிலிருந்தே வாசிக்கக் கற்றுக்கொண்ட லண்டன் பையன்களின் தலைமுறை அது. வாங்கியதைத் திருப்பிக் கொண்டுபோய்க் கொடுப்பவர்களே வாசிக்கவும் வரும்படி அழைப்பது அழகான விஷயம்.

அழகு போதுமா என்பதுதான் என் மனத்தாங்கல். முதல் ஆல்பம் வந்த 1981 ஏப்ரலில்தான் பிரிக்ஸ்டன் பற்றி எரிந்தது. குடியேறிய குடும்பத்துக் கறுப்பின இளைஞர்களுக்குப் போலீஸோடு தினமும் மோதல் இருந்த ஊர், காலம். முப்பது வருஷத்தைத் திரும்பிப் பார்க்கிற ஆல்பத்தில் அந்த ஊரின் கீறல் ஒன்றாவது தெரிய வேண்டாமா? ‘1975’ என்றே பெயர் வைத்த பாட்டு இருக்கிறது; அதுவும் ஏக்கத்தின் இளஞ்சூட்டில்தான் மிதக்கிறது. எல்லா மூலையும் மழமழவென்று இழைக்கப்பட்டிருக்கிறது. பதினாறு பாட்டுகளில் பாதிக்கு மேல் போனால் ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் வித்தியாசம் தெரியாமல் காது வழுக்குகிறது. நாலைந்து பாட்டுகளைக் கழித்திருந்தால் ஆல்பம் இறுகியிருக்கும். விருந்தோம்பலின் சிக்கல் இது. வந்தவர்கள் முகம் கோணக்கூடாது என்று பார்த்துப் பார்த்துச் செய்கிற வீட்டில் யாரும் சண்டை போட மாட்டார்கள். சண்டையே இல்லாத வீட்டில் சில உண்மைகள் வெளியே வராது.

“சந்தோஷமாக இருப்பதே அந்தப் பையன்களுக்கு ஒரு எதிர்ப்புதான்” என்று ஒரு வாதம் உண்டு. மேலும் கீழும் பார்த்து உள்ளே விடாத கிளப் வாசல்களைத் தாண்டி, தங்களுக்கென்று ஒரு நடனத் தரையை உண்டாக்கிக்கொண்டவர்கள் அவர்கள். அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த வாசல் எப்படி இருந்தது என்று பாட்டுக்குள் எங்காவது தெரிந்தால்தானே உள்ளே கிடைத்த சந்தோஷத்தின் விலை புரியும்? இந்த ஆல்பம் வாசலைக் காட்டாமல் நேரே தரைக்குக் கூட்டிப்போய்விடுகிறது.

அப்படியும் நான் இதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்கிறேன். காரணம் புளூயிதான். பந்தி நடக்கிற வீட்டில், தான் உட்காராமல் இலை இலையாகப் பார்த்துக்கொண்டே போகிற மனிதர் ஒருவர் இருப்பாரே, அந்த மாதிரி. ‘லோடவுன்’ பாட்டை ஒரு தடவை பாடகர்களை விட்டுவிட்டுக் கேளுங்கள். பியோண்டியும் சாக்கா கானும் முன்னால் மோதிக்கொண்டிருக்க, பின்னால் தாளத்தோடு ஒட்டிச் சின்னச் சின்னதாக வெட்டி வெட்டி ஓடுகிற கிதார்தான் வீட்டுக்காரர்.