இரும்பு நகராத இடம்

வலப்பனை, இராகலைப் பக்கம் ஐம்பது வயதைத் தாண்டிய பாட்டுப் பைத்தியங்கள் இரண்டு பேர் சேர்ந்தால் அந்த ஆளின் பேச்சு எப்படியாவது வந்துவிடும். தோட்டத்துக் கோயில் திருவிழா மேடையில் உட்கார்ந்தபடி கிட்டார் வாசித்தவர். கிட்டார் முன்னால் படுத்துக் கிடக்கும். இடது கையில் ஒரு இரும்புத் துண்டு, காலடியில் ஏதோ மிதி. பெயர் ஒருவருக்கும் வரவில்லை. உடப்புசல்லாவைக்காரர் என்கிறார் ஒருவர். இல்லை, நுவரெலியாவில் துரைமார் கிளப்பில் வாசித்தவர் என்கிறார் மற்றவர். வாசிப்பு எப்படி இருக்கும் என்று கேட்டால் மட்டும் எல்லோருக்கும் ஒரே பதில்: "என்னா இழுப்பு இழுப்பாரு தெரியுமா!"

இந்தப் பதிலை வைத்துக்கொண்டு தேடினால் இன்னும் நாற்பது வருடம் தேடலாம். இரும்பைக் கம்பிமேல் வைத்த எவருக்கும் இழுப்பு வரும். வராமல் அடக்குவதுதான் கஷ்டம். நம்முடைய காது கோட்டுவாத்தியத்திலும் நாதஸ்வரத்திலும் வளர்ந்த காது. ஒரு சுரம் இன்னொரு சுரத்துக்கு வழுக்கிப் போனால் உடனே "ஆகா" என்போம். அந்த ஆளும் கைதட்டல் வாங்கியது அங்கேதான். ஆனால் ஆட்டம் அங்கே நடக்கவில்லை.

இப்படிப் படுக்கவைத்து இரும்பால் வாசிக்கும் ஸ்டீல் கிட்டாரைக் கவனிப்பவர்கள் பார்க்க வேண்டியது ஒரே ஒரு முடிவை. பாட்டில் கோர்ட் மாறுகிற அந்தக் கணத்தில் இரும்பை நகர்த்துகிறாரா, அப்படியே வைத்திருக்கிறாரா? நகர்த்தினால் கம்பிகள் எல்லாம் ஒன்றாக ஏறும், ஒன்றாக இறங்கும். பெடல் உள்ள கருவியில் கதையே வேறு. நாஷ்வில்காரர்களின் வழக்கமான சுருதியில் பத்துக் கம்பி, மூன்று பெடல், முழங்காலால் தள்ளும் நெம்புகோல்கள் நாலைந்து. முதல் பெடல் 'பி' கம்பிகளை ஒரு முழுச் சுரம் ஏற்றும், இரண்டாவது 'ஜி ஷார்ப்' கம்பிகளை அரைச் சுரம் ஏற்றும். இரண்டையும் சேர்த்து மிதித்தால், இரும்பு ஒரு நூல் நகராமலே ஈ மேஜர் ஏ மேஜராகிவிடும். நடுவில் உள்ள 'ஈ' அசையாமல் நிற்க, பக்கத்துச் சுரங்கள் அதன்மேல் உரசிக்கொண்டு ஏறும்.

இந்த உரசலை உலகம் கேட்டதே தாமதமாகத்தான். 1940 வாக்கிலேயே கிப்சன் கம்பெனி பெடல் வைத்த கருவியை விற்றது. அப்போது பெடல் என்றால் சுருதியை மாற்றிக்கொள்ள ஒரு வசதி, அவ்வளவுதான். கம்பி ஒலித்துக்கொண்டிருக்கும்போதே மிதிக்கும் துணிச்சல் பிரபலமானது 1954இல் அமெரிக்கக் கன்ட்ரி பட்டியலில் முதலிடத்தில் நின்ற ஒரு பாட்டின் ஆரம்ப வாசிப்பால். அதற்குப் பிறகு வாசிப்பவர்கள் பலரும் தங்கள் கருவிக்குப் பெடல் பொருத்த ஓடினார்கள்.

கிரிக்கெட்டில் ஓஃப் ஸ்டம்புக்கு வெளியே வரும் பந்தைத் தொடாமல் விடுகிற துடுப்பாட்டக்காரருக்கு யாரும் விசில் அடிப்பதில்லை. இரும்பை நகர்த்தாத கைக்கும் அதே கதிதான். நான் அந்தக் கையின் கட்சி. இழுப்புக்கு மயங்குகிறவர்களோடு எனக்குச் சண்டை உண்டு.

நம்முடைய ஆளுக்கு வருகிறேன். அவர் பெடல் ஸ்டீல்தான் வாசித்தார் என்று அடித்துச் சொல்கிறார்கள். நான் நம்பவில்லை. காலடியில் மிதி இருந்தது எதையும் நிரூபிக்காது, ஹவாயன் கிட்டார்காரர்களும் சத்தத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு மிதி வைத்திருப்பார்கள். கேட்க வேண்டிய கேள்வி, முழங்கால் பக்கவாட்டில் அசைந்ததா என்பது. அதை யாரும் பார்த்ததாகச் சொல்லவில்லை. இன்னொன்று, 1970 முதல் 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாட்டில் நாடு பாணுக்கே வரிசையில் நின்றது. இரட்டைக் கழுத்துப் பெடல் ஸ்டீல் பெட்டியோடு முப்பது கிலோவைத் தாண்டும். அது கப்பலில் வந்து, இராகலை பஸ்ஸில் ஏறி, தோட்டத்துக் கோயில் வரைக்கும் மேட்டில் தூக்கி வரப்பட்டிருந்தால், வாசித்தவர் பெயர் மறந்தாலும் தூக்கியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

ஆனால் ஓய்வுபெற்ற டீமேக்கர் ஒருவர் மட்டும் இழுப்பைப் பற்றிப் பேசாமல் வேறு ஒன்றைச் சொன்னார்: "தம்பி, ஒரு சத்தம் அப்படியே நிக்கும். இன்னொண்ணு அதுக்கு மேல ஏறி வந்து ஒட்டிக்கிரும்." தேடலில் இதுவரை கிடைத்த ஒரே தடயம் இதுதான் என்பேன். பெடல் இல்லாமல் இதைச் செய்ய இரண்டு வழி. இரும்பைக் கோணலாகச் சாய்த்து ஒரு கம்பியை மட்டும் மேல் கட்டையில் பிடிக்கலாம். அல்லது இரும்புக்குப் பின்னால், அதே கையின் விரலால் ஒரு கம்பியைக் கொக்கி போட்டு இழுக்கலாம். சாய்த்தால் சத்தம் கொஞ்சம் வழுக்கித்தான் போய்ச் சேரும். "நிக்கும்" என்று அவர் சொன்னதால் என் வாக்கு விரலுக்கு. இரும்பு ஆடக்கூடாது, விரல் அதன் முதுகுக்குப் பின்னால் சரியான சுரம் வரும்வரை இழுத்து அங்கேயே பிடிக்க வேண்டும். இழுப்பது கொஞ்சம் கூடினாலும் மேடையில் மானம் போகும். இலங்கை வானொலியின் ஆங்கில சேவையில் கன்ட்ரி பாட்டுக் கேட்டு, மிதியால் வரும் சத்தத்தை மிதியே இல்லாமல் விரலில் கொண்டுவந்த ஆள் என்றால், அவர் பெடல் ஸ்டீல்காரரைவிடப் பெரியவர். மிதியின் ஏற்றத்தை இயந்திரம் அளந்து நிறுத்திவிடும், இவருக்குக் காது மட்டும்தான்.

இனி நடக்கப்போவதைச் சொல்கிறேன், குறித்து வையுங்கள். படத்தை வைத்து இவரைக் கண்டுபிடிக்க மாட்டார்கள். ஏதாவது ஒரு லயத்து வீட்டு டிரங்குப் பெட்டியில் திருவிழாவில் பதிந்த கெசட் ஒன்று கிடைக்கும், அதுவும் பாட்டுக்காக வைத்திருந்த கெசட்டாக இருக்கும். கிடைத்ததும் மூன்று குடும்பங்கள் உரிமை கொண்டாடும். மூன்றிலும் நியாயம் இருக்கும், ஏனென்றால் ஊர் ஞாபகத்தில் உள்ள ஒரு ஆள் இரண்டு மூன்று பேர் சேர்ந்தவராகத்தான் இருப்பார். கிளப்பில் வாசித்தவர் ஒருவர், கோயிலில் வாசித்தவர் இன்னொருவர். அவர்களில் விரலால் இழுத்தவர் கோயில்காரர் என்று நான் பந்தயம் கட்டுகிறேன்.

அடுத்த சீசனில் ஹட்டனிலோ நுவரெலியாவிலோ ஒரு பையன் கீபோர்டில் ஹவாயன் கிட்டார் சத்தத்தை வைத்து, பக்கத்துச் சக்கரத்தைத் திருப்பி இழுப்பான். கூட்டம் ஆர்ப்பரிக்கும், பழையவர் திரும்பி வந்துவிட்டார் என்று பத்திரிகைகளும் எழுதும். அந்தச் சக்கரம் அழுத்தியிருக்கும் சுரங்களை எல்லாம் ஒன்றாகத்தான் வளைக்கும். டீமேக்கர் ஐயா முன்வரிசையில் உட்கார்ந்திருந்தால் இரண்டாவது பாட்டுக்கு எழுந்து போய்விடுவார்.