கனகராயன்குளத்து ஞாயிறு வகுப்பும் மன்னார் ஆயரின் கணக்கும்

மன்னார் மறைமாவட்டத்தின் வட எல்லையில் இருக்கிறது கனகராயன்குளம். ஏ9 வீதியில் இன்னும் கொஞ்சம் வடக்கே போனால் மாங்குளம் வரும். அது முல்லைத்தீவு மாவட்டம், யாழ்ப்பாண மறைமாவட்டம். 1997 மே மாதம் தொடங்கிய ஜெயசிக்குறு நடவடிக்கையில் இந்த ஊர் இராணுவத்திடம் போனது. 1999 நவம்பரில் புலிகளிடம் திரும்பியது. 2008 போரில் மறுபடியும் வெறிச்சோடியது. மனிக்பாம் இடம்பெயர்ந்தோர் முகாம் வரை போய்த் திரும்பி வந்த குடும்பங்களின் பிள்ளைகள்தான் இன்று இங்கே பள்ளிக்கூடம் போகிறார்கள். சுற்றிலும் சைவர்கள். கத்தோலிக்கர் சிறுபான்மை, அவர்களிலும் சிறுபான்மை மற்றக் கிறிஸ்தவச் சபைகள். இந்த ஊர்ப் பிள்ளைக்குக் கிறிஸ்தவத்தை எப்படிச் சொல்லிக் கொடுக்கிறோம், அது அந்தப் பிள்ளையின் வாழ்க்கைக்குப் போதுமா என்பதை எடைபோட்டுப் பார்க்க வேண்டிய காலம் வந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

பிள்ளைக்குச் சமயம் இரண்டு வழியில் வருகிறது. ஒன்று பாடசாலை. 1960ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டமும் 1961ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கச் சட்டமும் உதவி பெற்ற பாடசாலைகளை அரசின் கைக்குக் கொண்டுபோனபோது கத்தோலிக்கர் கடுமையாக எதிர்த்தார்கள். பள்ளி போனால் விசுவாசமும் போய்விடும் என்பது அன்றைய அச்சம். நடந்தது வேறு. சமயம் க.பொ.த. சாதாரண தரம் வரைக்கும் கட்டாய பாடமாக நின்றது. கத்தோலிக்கம், கிறிஸ்தவம், சைவநெறி, இஸ்லாம், பௌத்தம் என்று ஒவ்வொன்றுக்கும் அரசே பாடநூல் அச்சிட்டு இலவசமாகக் கொடுக்கிறது. முழுக்க அரசு நிதியில் நடக்கும் பள்ளியில் சமய போதனையே கூடாது என்கிறது இந்திய அரசியலமைப்பின் 28ஆம் உறுப்பு. அந்த நாட்டோடு ஒப்பிட்டால், வன்னியின் சிறு கிராமத்துக் கத்தோலிக்கப் பிள்ளைக்கு இது பெரிய உரிமை. ஆசிரியர் கிடைக்காத பாடசாலைகளில் அந்த உரிமை ஏட்டளவில் நின்றுவிடுகிறது என்றாலும் உரிமை உரிமைதான்.

மற்றது பங்கில் நடக்கும் ஞாயிறு மறைக்கல்வி. பூசை முடிந்ததும் பிள்ளைகள் கோவில் விறாந்தையிலோ மரத்தடியிலோ கூடுவார்கள். சிறிய பங்குகளில் தரம் மூன்றும் தரம் ஒன்பதும் ஒரே பாயில் இருக்கும். சொல்லிக் கொடுப்பவர் பெரும்பாலும் உயர்தரம் முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருக்கும் ஒரு பெண்பிள்ளை. ஊதியமில்லாமல், சிலவேளை தன் காசில் சோக்கும் வாங்கிக்கொண்டு வருகிறவர். ஆண்டு முடிவில் பரீட்சை, புள்ளி, பரிசளிப்பு.

இங்கேதான் என் முதல் குறை. ஞாயிறு வகுப்பு பாடசாலையைப் பார்த்து எழுதுகிறது. அதே வரிசை, அதே மனப்பாடம், அதே பரீட்சை. இந்தக் குறையைச் சொல்ல வெளியார் அளவுகோல் எதுவும் வேண்டாம். திருச்சபையின் சொந்த அளவுகோலே போதும். பாடசாலைச் சமயப் பாடம் வேறு, மறைக்கல்வி வேறு, ஒன்று மற்றதை நிரப்ப வேண்டும் என்று 1997இல் வத்திக்கான் வெளியிட்ட மறைக்கல்விப் பொது வழிகாட்டி தெளிவாகப் பிரித்துக் காட்டியது. பாடசாலை சமயத்தை அறிவாகத் தரும். பங்கு அதை விசுவாசமாக வாழப் பழக்கும். 2020இல் வந்த புதிய வழிகாட்டியும் கூட நடப்பதற்கு முதலிடம் கொடுக்கிறது. நம் ஞாயிறு வகுப்பு இரண்டாவது வேலையை விட்டுவிட்டு முதலாவதையே, குறைந்த வசதியோடு, இன்னொரு தடவை செய்கிறது.

இதைச் சொன்னதும் சிலர் வினாவிடை முறையைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவார்கள். அது நியாயமில்லை. தமிழ் எழுத்தில் அச்சேறிய மிகப் பழைய நூலாக நம் கைக்குக் கிடைத்திருப்பது 1578இல் கொல்லத்தில் வெளிவந்த ‘தம்பிரான் வணக்கம்’. அண்டிரிக் அடிகளார் தந்த, பதினாறு பக்கத்தில் அடங்கிய மறைக்கல்விச் சிறுநூல் அது. பெர்சிவல் பாதிரியாரோடு விவிலிய மொழிபெயர்ப்பில் வேலை செய்த ஆறுமுக நாவலர், மிசனரிமாரின் அதே வினாவிடை வடிவத்தை எடுத்துச் சைவப் பிள்ளைகளுக்குச் ‘சைவ வினாவிடை’ எழுதினார். நல்ல முறை என்று எதிராளியே கண்டுகொண்ட முறை அது. ஒல்லாந்தர் காலத்தில் குருமார் இல்லாத கத்தோலிக்க ஊர்களில் மூப்பரும் அண்ணாவியும் விசுவாசத்தைக் காப்பாற்றியது மனப்பாடத்தால்தான். 2009இல் பதுங்குகுழிக்குள் யாரிடமும் புத்தகம் இருக்கவில்லை. செபமாலை மனப்பாடமாக இருந்தது. ஆகவே மனப்பாடத்தைக் கேலி செய்கிறவர்களோடு நான் இல்லை. பிழை வேறிடத்தில் இருக்கிறது: எந்தக் கேள்விகளைக் கேட்கலாம் என்பதைப் புத்தகம் மட்டுமே தீர்மானிக்கிறது. பிள்ளை கொண்டுவரும் கேள்விக்கு வகுப்பில் இடமில்லை.

அந்தக் கேள்வி என்ன மாதிரியானது? நவம்பர் 2, இறந்த விசுவாசிகளின் நாள். அதற்கு முன்னரே வீட்டு வீடாகப் பெயர் எழுதிக் கொடுப்பார்கள், பூசைக் கருத்துக்கு. சேமக்காலையில் கல்லறைகளைத் துப்புரவாக்கி மெழுகுதிரி கொளுத்துவார்கள். வன்னியில் பல வீடுகளில் அந்தத் தாளை எழுதும்போது பேனை ஒரு பெயரில் நிற்கும். “மாமான்ர பேரை எந்தப் பக்கத்தில எழுதுறது, ரீச்சர்?” மாமா 2009 மே மாதம் வட்டுவாகலில் சரணடைந்தவர். அதன்பின் தகவலில்லை. இறந்தவர் பட்டியலில் எழுதினால் அம்மம்மா சோறு தின்னமாட்டா. எழுதாமல் விட்டால் அவருக்காக மன்றாட யாருமில்லாதது மாதிரி. இதைவிடக் கூரான இறையியல் கேள்வியை நான் எந்தக் குருமடத்திலும் கேட்டதில்லை. உயிரோடிருப்போர், உத்தரிக்கிற ஆத்துமாக்கள், மோட்சவாசிகள் என்று நாம் சொல்லிக் கொடுக்கும் மூன்று வகுப்பில் காணாமலாக்கப்பட்டவருக்கு வகுப்பில்லை.

இறையியலுக்கு இது இயலாத காரியமா? இல்லை. ஞானஸ்நானம் பெறாமல் இறந்த குழந்தைகளை எங்கே வைப்பது என்று திருச்சபை நூற்றாண்டுகளாக யோசித்தது. லிம்போ என்ற விடையை நெடுங்காலம் வைத்திருந்தது. 2007இல் பன்னாட்டு இறையியல் ஆணைக்குழு அந்தக் குழந்தைகளுக்காக நம்பிக்கை வைக்கக் காரணம் உண்டு என்று எழுதியது. பெற்றோரின் துயரம் இறையியலை அசைத்தது. வன்னித் தாய்மாரின் துயரத்துக்கு மட்டும் அந்த வலு ஏன் இல்லாமல் போக வேண்டும்?

இன்னும் வேதனையான ஒன்று உண்டு. இந்த மறைமாவட்டமே அந்தக் கேள்வியை உலகறியக் கேட்டிருக்கிறது. 2011 ஜனவரியில் கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு மன்னாருக்கு வந்தபோது ஆயர் இராயப்பு யோசேப்பு ஆண்டகை ஒரு கணக்கை முன்வைத்தார். 2008 ஒக்டோபர் தொடக்கத்தில், அரச செயலகங்களின் பதிவின்படி, கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் இருந்தோர் 4,29,059. 2009 யூலை 10 வரை அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்தோர் 2,82,380. மிகுதி 1,46,679 பேருக்கு என்ன நடந்தது? அவர் அத்தனை பேரும் கொல்லப்பட்டார்கள் என்று சொல்லவில்லை. எங்கே என்று கேட்டார். அந்த எண்ணை மறுத்தவர்கள் உண்டு, சனத்தொகைப் பதிவுகளின் நம்பகத்தை விவாதித்தவர்களும் உண்டு. கேள்விக்குப் பதில் மட்டும் வரவில்லை. தன் மந்தையைப் பெயர் சொல்லி எண்ணும் மேய்ப்பனைப் பற்றி நாம் ஞாயிறு தோறும் பாடம் நடத்துகிறோம். அந்தப் பாடத்தை ஓர் ஆயர் ஆணைக்குழு முன் செய்து காட்டினார். அவர் 2021 ஏப்ரல் 1இல் காலமானார். அவர் மறைமாவட்டத்துப் பிள்ளை தரம் பத்தில் அந்தக் கழித்தல் கணக்கைச் செய்து பார்க்க வேண்டாமா? அரசு அச்சிடும் புத்தகத்தில் அதை எதிர்பார்க்க முடியாது. பங்கில் எதிர்பார்க்கலாம், எதிர்பார்க்க வேண்டும்.

இந்த வெற்றிடத்தில்தான் புதிய சபைகள் வளர்கின்றன. அவற்றை மதமாற்ற வியாபாரம் என்று ஒதுக்கிவிடுவது சோம்பேறித்தனம். பிள்ளையைத் தூக்கிக் கொடுத்த தாயின் தலையில் கை வைத்து, அந்தப் பிள்ளையின் பெயரைச் சொல்லி, அழ விட்டு, கூட அழுது செபிக்கிறார்கள். நாம் செய்யத் தவறியது அது. ஆனால் அங்கே சில இடங்களில் கிடைக்கும் விளக்கம் ஆபத்தானது: சாபத்தால் வந்த இழப்பு, விசுவாசக் குறைவால் வராத பதில். பாதிக்கப்பட்டவரையே குற்றவாளியாக்கும் இறையியல் அது. யோபுவின் நண்பர்கள் பேசியதும் அதுதான். யோபு புத்தகத்தின் முடிவில் அவர்கள் கண்டிக்கப்படுகிறார்கள். அந்தச் சபைகள் தரும் அணைப்பு நமக்கு வேண்டும், அவை தரும் விளக்கம் வேண்டாம். இந்த வேறுபாட்டைப் பிரித்தறியத் தெரியாத பிள்ளையை நாம் வளர்த்துவிட்டு, பிறகு சபைக்குப் போய்விட்டான் என்று குறைப்படுவதில் அர்த்தமில்லை.

அழுகைக்கு நம் மரபில் பஞ்சமுமில்லை. பதினெட்டாம் நூற்றாண்டில் யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் தமிழில் எழுதிய ‘வியாகுல பிரசங்கம்’ தவக்காலத்தில் இராகத்தோடு வாசிக்கப்பட்டு வந்தது. பசாமும் கூத்தும் மன்னார்க் கரையோரத்தின் மறைக்கல்வியாகவே இருந்தன. யாழ்ப்பாணத்தில் மரியசேவியர் அடிகளார் 1965இல் தொடங்கிய திருமறைக் கலாமன்றம் திருப்பாடுகளை மேடையில் ஊருக்கே பாடமாக்கியது. இவற்றைப் பிள்ளைகளிடம் கொண்டுவரலாம். ஆனால் ஓர் எச்சரிக்கை: கனகராயன்குளம் கடற்கரை ஊரில்லை. குளமும் வயலும் காடும் சேர்ந்த ஊர். இந்தப் பக்கத்துக் குடியேற்றங்களில் 1977க்குப் பின் மலையகத்திலிருந்து வந்தவர்களின் வழித்தோன்றல்களும் உண்டு. கரையோரப் பேசாலைக் கூத்தை அப்படியே இறக்குமதி செய்தால் அது இவர்களுக்கு இன்னொரு பாடப்புத்தகம். இவர்கள் வீட்டு ஒப்பாரி எது என்று கேட்டுத் தொடங்க வேண்டும்.

அயலவர் சமயம் பற்றியும் சொல்லியாக வேண்டும். சமயப் பாடவேளை மணி அடித்ததும் பிள்ளைகள் எழுந்து தத்தம் வகுப்புக்குப் பிரிந்து போகிறார்கள். பதினொரு வருடம் ஒரே வாங்கில் இருந்தவர்கள், ஒருவர் என்ன நம்புகிறார் என்று மற்றவர் ஒருநாளும் முறையாகக் கற்றதில்லை. 2019 மார்ச்சில், சிவராத்திரிக்கு முந்திய நாள், திருக்கேதீச்சரச் சிவன் கோவிலின் வளைவு பிடுங்கப்பட்டபோது அதைச் செய்தவர்கள் கத்தோலிக்கர்கள். கட்டாய சமயக் கல்வி கற்றவர்கள். பாடத்திட்டத்தின் தோல்விக்கு இதைவிட வேறு சான்று எனக்கு வேண்டாம். அடுத்த மாதமே உயிர்த்த ஞாயிறு. மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் ஞாயிறு பாடசாலை முடித்து நின்ற பிள்ளைகள் குண்டுக்கு இரையானார்கள். அயலானின் சமயத்தை வெறுப்பில்லாமல் அறிவது பாடத்திட்டத்தின் ஓரத்தில் நிற்க வேண்டிய விடயமில்லை.

என் தீர்ப்பு இதுதான். பாடசாலைச் சமயப் பாடம், அறிவு தரும் ஏற்பாடு என்ற அளவில், நிலைத்திருக்க வேண்டும். அதோடு பிற சமயங்களின் அறிமுகம் சேர வேண்டும். ஞாயிறு வகுப்பிலிருந்து பரீட்சையை எடுத்துவிட வேண்டும். பரீட்சை இல்லாவிட்டால் பிள்ளைகள் வரமாட்டார்கள், ரியூசனுக்குப் போய்விடுவார்கள் என்கிறார்கள். பரீட்சை வைத்தும் சாதாரண தர வயதில் பலர் போய்விடுகிறார்கள். உறுதிபூசுதல் முடிந்ததும் வகுப்பும் முடிந்துவிடுகிறது. இரண்டாவது மறுப்பு வலுவானது: இவ்வளவு பாரமான கேள்விகளை இருபது வயதுப் பெண்பிள்ளை எப்படித் தாங்குவாள்? தாங்கமாட்டாள். அவளைத் தனியே விட்டது நம் பிழை. பிரான்சிஸ் பாப்பரசர் 2021 மே 10இல் மறைக்கல்வியாளர் பணியைத் திருச்சபையின் நிலையான திருப்பணியாக உயர்த்தினார். அந்த உயர்வு பயிற்சியாகவும் செலவாகவும் இந்த எல்லைப் பங்குகளுக்கு வந்து சேர வேண்டும். அந்தப் பயிற்சியில் துயரப்பட்டவரோடு பேசும் பழக்கம் கோட்பாட்டுக்குச் சமமான இடம் பெற வேண்டும்.

மாமாவின் பெயர் பற்றிய கேள்விக்கு விடை கைவசம் இருக்கிறது. திருச்சபைச் சட்டத்தின் 901ஆம் விதிப்படி, உயிரோடிருப்பவர், இறந்தவர் என யாருக்காகவும் குரு பூசை ஒப்புக்கொடுக்கலாம். எந்தப் பட்டியல் என்று அம்மம்மா முடிவெடுக்க வேண்டியதில்லை. நவம்பர் மாதத்தில் அந்தப் பெயர்களுக்கென்று தனியாக ஒரு கொப்பி வைக்கலாம். பிள்ளைகளே எழுதட்டும், பூசையில் அவர்களே வாசிக்கட்டும். அடுத்த ஞாயிறு வகுப்பை அந்தக் கொப்பியிலிருந்து தொடங்கலாம்.