ஆர் 2 பொத்தானிலிருந்து விரலை எடுக்கும் நேரம்

‘ஸ்பைடர்மான் 2’ கேமின் கதையைப் பற்றி என்னோடு பேச வேண்டாம். டொக்டர் ஒக்டோபஸ் ஒரு பக்கம் இருக்கட்டும், மிஸ்டீரியோ அலுப்பும் ஒரு பக்கம் இருக்கட்டும். பழைய பிளேஸ்ரேசன் 2 ஐத் தூசி தட்டி எடுத்தது சிலந்தி நூலில் ஆடத்தான்.

2002 இல் வந்த முதல் கேமில் நூல் வெறும் வானத்தில் போய் ஒட்டும். 2004 இல் ட்ரெயார்க் செய்த இதில் சுவர் இருந்தால்தான் நூல். மான்ஹற்றனின் உயர்ந்த கட்டிடங்களுக்கு நடுவே ராசா மாதிரிப் பறந்தவன், கூரை பதிந்த தெருவுக்கு வந்ததும் கார்களின் மேல் கால் உரச இழுபட வேண்டியதுதான். ஊசலின் அடியில் வேகம் ஏறும். நூலைப் பிடித்திருக்கும் ஆர் 2 ஐ முந்தி விட்டால் முன்னுக்கு எறியும், உயரம் வராது. பிந்தி விட்டால் உயரம் வரும், வேகம் செத்துப்போகும். இரண்டுக்கும் நடுவில் ஓர் இடம் இருக்கிறது. அதைக் கை மட்டும்தான் அறியும். எனக்கு இன்னும் மறக்கவில்லை.

இந்த ஊசலுக்குப் பின்னால் நின்றவர் ஜேமி ஃபிரிஸ்ற்ரம். மனுசன் அதோடு விடவில்லை. 2013 இல் பொதுமக்களிடம் காசு சேர்த்து, ‘எனர்ஜி ஹூக்’ என்று ஊசலாட்டத்துக்காகவே இன்னொரு கேம் செய்யப் புறப்பட்டார். பித்து என்றால் இப்படி இருக்க வேண்டும்.

நாங்கள் இந்தக் கேமை, சமாதான காலத்தில் ஏ9 வீதி திறந்திருந்தபோது வவுனியாவில் ஒரு கடையில் மணிக்கணக்குக்குக் காசு கொடுத்து விளையாடினோம். கிளிநொச்சிப் பெடியளுக்கு அப்போது உயரம் என்றால் பனை, விட்டால் தண்ணித்தாங்கி. தெருவை மேலிருந்து பார்க்கும் கண் எனக்கு அந்தக் கடையின் வாங்கில்தான் வந்தது. சண்டையின் கடைசியில் அந்தத் தாங்கியும் சரிந்து கிடந்தது.

“அது சப்பை கேம்” என்பவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: கொம்பியூட்டரிலா விளையாடினீர்கள்? அது வேறு ஆட்கள் செய்த வேறு கேம். குறித்து வைத்த இடத்தில் மட்டும் நூல் பிடிக்கும். பெயர் ஒன்று என்பதால் பழி இதன் தலையில்.

கேமில் வரும் பீட்சா கொண்டுபோகும் வேலையைத் திட்டுபவர்களும் உண்டு. அப்போது ஒலிக்கும் ‘ஃபுனிக்குலி ஃபுனிக்குலா’, வெசூவியஸ் மலையில் கம்பிவடம் இழுத்து ஏற்றிய ரயிலுக்காக 1880 இல் உருவான பாட்டு. தெரிந்து போட்டார்களோ தெரியாமல் போட்டார்களோ, நூலில் தொங்குகிறவனுக்கு இதைவிடப் பொருத்தமான பாட்டு ஏது?

2018 இல் இன்சோம்னியாக் செய்த ஸ்பைடர்மான் கேம் அழகு, மறுக்கவில்லை. ஆனால் எத்தனை மாடியிலிருந்து விழுந்தாலும் அதில் நோகாது. பிழையாக விட்டாலும் கேமே தாங்கிக்கொள்கிறது. மருமகன் முதல் நாளே வித்தகன் ஆகிவிட்டான். பழையதைக் கொடுத்தேன், சுவரில் மோதி, நிலத்தில் விழுந்து, “மாமா, இது பழுது” என்று கொன்ரோலரை வைத்துவிட்டான்.

பழுது ரீவியில்தான் இருந்தது. இப்போதைய தட்டை ரீவிகள் படத்தைத் திருத்தி அழகாக்கிக் காட்டுவதற்குள் விரல் எடுக்கும் கணம் கடந்துவிடுகிறது. செற்றிங்கில் ‘கேம் மோட்’ போட்டால் கொஞ்சம் சரிவரும். முழுதும் சரிவர வேண்டுமென்றால் பின்பக்கம் பெருத்த பழைய ரீவிதான். திருத்துகிற கடைகளில் மூலைக்குள் கிடக்கும். இரண்டு பேர் பிடித்துத் தூக்க வேண்டும்.