கத்திரி வெயிலில் கழன்ற துணி: காருக்குள் எந்தப் பசை நிற்கும்?

கருவடிக்குப்பத்தில் சித்தானந்தர் கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில், நிழலே இல்லாத இடத்தில்தான் என் பழைய கார் நிற்கிறது. மேலே வெயில், சுற்றிலும் கடற்காற்றின் ஈரம். இந்தக் கத்திரியில் மூன்று இடங்கள் விட்டுவிட்டன: டோர் பேடில் ஒட்டியிருந்த துணி, டேஷ்போர்டு ஓரத்துப் பிளாஸ்டிக் பட்டை, பின்சீட்டுக்கு மேலே கூரைத் துணி. மூன்றுக்கும் ஒரே பசை போதும் என்றுதான் நினைத்தேன். போதவில்லை.

பட்டைக்கு முதலில் நொடியில் ஒட்டும் சயனோஅக்ரிலேட் பசையைப் போட்டேன். மறுநாள் கறுப்புப் பட்டையின் ஓரமெல்லாம் வெள்ளை பூத்திருந்தது. அந்தப் பசையின் ஆவி காற்றின் ஈரத்தோடு சேர்ந்தால் அப்படித்தான் படியும். காய்ந்ததும் விறைத்துப்போவதால், கதவை ஓங்கிச் சாத்தும் அதிர்ச்சியையும் தாங்காது. ஒரே வாரத்தில் பட்டை கையோடு வந்துவிட்டது. உருக்கி ஊற்றும் பசைக்குச்சி பக்கம் நான் போகவில்லை. வெயிலில் மூடி நிற்கும் காரின் டேஷ்போர்டு 70 டிகிரியைத் தொடும், குச்சி அந்தச் சூட்டிலேயே இளகிவிடும்.

பட்டையைத் திருப்பிப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. பின்புறம் ‘பி.பி.’ என்று அச்சிட்டிருந்தார்கள். பாலிப்ரொப்பிலீன். இதன்மேல் பசை தாமரை இலைத் தண்ணீர்தான், பரவாது, பிடிக்காது. ‘ஏ.பி.எஸ்.’ என்றிருந்தால் பெரும்பாலான பசைகள் பிடிக்கும். ஆகவே ஐசோப்ரொபைல் ஆல்கஹாலால் துடைத்து, பிரைமர் மெல்லிசாகத் தடவி, 3எம் வி.எச்.பி. இரட்டைப் பக்க டேப்பை ஒட்டினேன். முழுப் பிடிப்பு வர 72 மணி நேரம் ஆகும். அதுவரை தொடவில்லை. இப்போது அசையாமல் நிற்கிறது.

டோர் பேட் துணிக்கு ஃபெவிகால் எஸ்.ஆர். 998 போட்டேன். இரண்டு பக்கமும் மெல்லிசாகத் தடவி, விரலில் ஒட்டாத பதம் வரும்வரை பத்துப் பதினைந்து நிமிடம் காத்திருந்து, பிறகு அழுத்த வேண்டும். ஈரத்தோடு ஒட்டினால் துணியில் கறை ஊறும். ஒட்டிய பின் நகர்த்த முடியாது, எனவே மேல் ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறங்குங்கள். இதன் ஆவி தீப்பிடிக்கும், தலையும் சுற்றும். நான்கு கதவையும் திறந்து வைத்தே வேலை செய்யுங்கள்.

கூரைத் துணிக்கு எந்தப் பசையும் உதவவில்லை. உள்ளே இருக்கும் ஃபோம் மக்கி, தொட்டாலே மஞ்சள் பொடியாகக் கொட்டியது. பொடிமேல் ஒட்டினால் எது நிற்கும்? கூரைப் பலகையைக் கழற்றி, பொடியைத் தேய்த்தெடுத்து, புது ஃபோம் துணி ஒட்ட வேண்டும். அதைச் சீட் கவர் கடையில் கொடுத்துவிட்டேன்.

கண்ணாடி ஓரத் தூண்களில் ‘ஏர்பேக்’ என்று எழுதியிருந்தால், அந்த உறையையோ அதையொட்டிய கூரை விளிம்பையோ எந்தப் பசையாலும் ஒட்டாதீர்கள். விபத்தில் கண் இமைப்பதற்குள் பை அந்த விளிம்பைத் தள்ளிக்கொண்டுதான் விரிய வேண்டும். கிளிப் உடைந்திருந்தால், அந்த மாடலுக்கான புதுக் கிளிப்பையே வாங்கிப் போடுங்கள்.