குடமும் கழுதையும்: நியாயரின் காரண இலக்கணமும் ஹியூமும்

நியாய தரிசனத்தின் காரண இலக்கணத்தை டேவிட் ஹியூமின் கொள்கையோடு ஒப்பிடுவோர் பலரும் ஓரிடத்தில் நின்றுவிடுகின்றனர். காரியத்திற்கு முன் தவறாது நிற்பதே காரணம் என இரு தரப்பும் கூறுவதாகக் காட்டி, 1739இல் ஹியூம் எழுதியதை இந்தியர் முன்னரே கண்டனர் என முடிப்பர். இம்முடிபு இலக்கணத்தின் பாதியை மட்டும் கொண்டது. மாணவர் முதலில் பயிலும் தருக்கசங்கிரக மூலம் அந்தப் பாதியோடு நிற்பது இதற்கு ஒரு காரணமாகலாம். விடுபட்ட அடையை அன்னம்பட்டர் தம் தீபிகை உரையிலேயே சேர்க்கிறார். சிவஞான முனிவர் 18ஆம் நூற்றாண்டில் மூலத்தோடு உரையையும் தமிழாக்கியிருந்தும், தமிழ் ஒப்பாய்வுகள் ஆங்கிலச் சுருக்கங்களையே நாடுவது வியப்புக்குரியது.

அந்த அடை, முன்நிற்பது ‘அன்னியதாசித்தம்’ ஆகாதிருத்தல் வேண்டும் என்பது. ஒன்றின் துணையின்றியே காரியத்திற்கு விளக்கம் அமையுமாயின் அது காரணமன்று. 17ஆம் நூற்றாண்டினரான விசுவநாதர் பாஷாபரிச்சேதத்தில் இதனை ஐவகைப்படுத்துகிறார். சக்கரத்தைச் சுழற்றும் தண்டு குடத்திற்குக் காரணம். தண்டின் நிறம் அதனோடு பிரியாது முன்நிற்பினும் காரணமன்று. குயவனின் தந்தையும் குடத்திற்கு முன்நின்றவரே. ஆயினும் அவர் குயவனுக்குக் காரணமேயன்றிக் குடத்திற்கன்று. மண் சுமந்த கழுதையின் நிலை வேறு: ஒரு குடத்திற்கு முன் அது வந்திருக்கலாம், ஆனால் குடம் என்னும் வகைக்கு அது வேண்டுவதில்லை.

தவறாத முன்நிகழ்வே காரணமெனின் இரவு பகலுக்குக் காரணமாகிவிடும் எனத் தாமஸ் ரீட் 1788இல் ஹியூமை மறுத்தார். அத்தகைய இடரை நியாயர் இலக்கணத்திற்குள்ளேயே எதிர்கொண்டனர். ஹியூமுக்கு விலக்கு விதியே இல்லை என்பதும் நேர்மையன்று. காரணங்களை மதிப்பிட எட்டு விதிகளை அவரே வகுத்துள்ளார். வேறுபாடு பிறிதோரிடத்தில் உள்ளது. காரணத்தையும் காரியத்தையும் பிணைக்கும் இன்றியமையாமை ஹியூமுக்கு மனத்தின் பழக்கத்தில் இருப்பது. நியாயருக்கோ காரணத்தன்மை பொருளிடத்தே இருப்பது.

எனினும் நியாயரின் நிலையும் இடரற்றதன்று. தண்டு காரணமென முன்னரே அறிந்தால்தான் அதன் நிறத்தை விலக்கவியலும். தண்டும் நிறமும் எப்போதும் உடனிருக்க, முதலில் தண்டைத் தெரிந்தெடுப்பது எதனால்? இலாகவத்தால் என்பது நியாயரின் விடை. சுருங்கிய விளக்கமே கொள்ளத்தக்கது என்பர். ஆனால் சுருக்கம் விளக்குவோன் நாடும் நலம். பொருளிடத்தே உள்ளதாகக் கூறப்படும் காரணத்தன்மை விளக்குவோனின் சுருக்கத்திற்கு ஏன் இணங்க வேண்டும் என்னும் ஹியூம் சார்பான வினாவுக்குப் பாஷாபரிச்சேதத்தின் ஐவகைப் பாகுபாடு விடையளிப்பதில்லை.