பீமன் உண்ட நஞ்சு: சிறுவர் அசைவூட்டப் படத்தில் தோற்றக்கதை

முன்னுரை

வலியான் ஒருவனுக்கு அவ்வலி எங்கிருந்து வந்தது என வினவுதல் கதை கேட்போர்க்கு இயல்பு. அவ்வினாவிற்கு விடையாக எழுவதே தோற்றக்கதை. இக்காலத்துச் சிறுவர் இத்தகைய கதைகளை ஏட்டிற் கற்பதும் பாட்டியர் வாயிலாகக் கேட்பதும் அருகி வருகின்றன. 'அனிமேஷன்' எனப் பலரும் வழங்கும் அசைவூட்டப் படங்களே அவர்கட்கு இன்று கதைசொல்லிகளாக உள்ளன. தொலைக்காட்சித் தொடரிற் பெயர்பெற்ற நாயகன் ஒருவனைத் திரைக்குக் கொணர்ந்து, அவன் ஆற்றலின் பிறப்பை முதலிலிருந்து விரித்துரைக்கும் படங்கள் உலகெங்கும் வெளிவருகின்றன.

நம் நாட்டுச் சிறுவர் நன்கறிந்த தொடர் நாயகன் 'சோட்டா பீம்' என்னும் சின்னப் பீமன் ஆவான். அவனைத் திரையரங்கிற்குக் கொணர்ந்த 'சோட்டா பீமும் தம்யானின் சாபமும்' என்னும் படம் 2012ஆம் ஆண்டு மே 18ஆம் நாள் வெளிவந்தது. அப்படத்தைத் தோற்றக்கதை என்னும் நோக்கில் மதிப்பிடுதல் இக்கட்டுரையின் குறிக்கோளாகும். சிறுவர் படத்திற்கும் ஆராய்ச்சி வேண்டுமோ எனச் சிலர் நகைக்கலாம். குழவிப் பருவத்தைப் பாடுபொருளாக ஏற்றது தொல்காப்பியம். பிள்ளைத்தமிழ் எனத் தனி இலக்கிய வகை கண்டது நம் மொழி. ஆகலின் இவ்வாராய்ச்சி தமிழ்த்துறைக்குப் புறம்பானதன்று.

1. தோற்றம் பின்னரே சொல்லப்படும்

தோற்றக்கதையின் முதல் இயல்பு ஒன்றை ஈண்டுக் குறித்தல் வேண்டும். அது நிகழ்ச்சி முறையில் முற்பட்டது. சொல்லும் முறையிற் பிற்பட்டது. நாயகன் பெருமை உலகறிந்த பின்னரே அவன் தொட்டிற் பருவம் கதையாகின்றது. நமக்குக் கிடைத்துள்ள பிள்ளைத்தமிழ் நூல்களுள் பழையதாகிய ஒட்டக்கூத்தரின் குலோத்துங்கன் பிள்ளைத்தமிழ், முடிசூடிய வேந்தனையே குழவியாக்கிப் பாடியது. வளர்ந்தவனை அறிந்த புலவனே அவனைச் செங்கீரை ஆடச் செய்கின்றான்.

காப்பியத்துள்ளும் இம்முறையைக் காணலாம். அனுமனின் பேராற்றல் கடற்கரையில், தேவை நேர்ந்த பொழுதில், சாம்பவான் வாய்மொழியால் வெளிப்படுகின்றது. வான்மீகியார் அனுமனின் பிறப்பையும் ஞாயிற்றை நோக்கிப் பாய்ந்த இளமைச் செயலையும் அவ்விடத்தே கூறுவித்தார். கம்பரும் மகேந்திரப் படலத்தில், தன் வலியைத் தான் உணராதிருந்த அனுமனுக்கு அதனைச் சாம்பவானைக் கொண்டே உணர்த்தினார். கடல் கடக்க வேண்டும் என்னும் கடமையும் ஆற்றல் பற்றிய அறிவும் ஒரே பொழுதில் வந்து சேர்கின்றன. ஆற்றலின் வரலாற்றைக் கேட்டவன் வாளா இருத்தல் இயலாது என்பதே இப்பகுதியின் உள்ளுறை. தோற்றக்கதை நாயகனுக்குக் கடமையொன்றைத் தருதல் வேண்டும் என்னும் அளவுகோலை நாம் இதிலிருந்து பெறுகின்றோம்.

2. பாரதத்துப் பீமனும் தொலைக்காட்சிப் பீமனும்

ஐதராபாத்திலுள்ள கிரீன் கோல்டு அனிமேஷன் நிறுவனத்தின் வாயிலாக இராசீவ் சிலகா ஆக்கிய 'சோட்டா பீம்' தொடர் 2008இல் போகோ தொலைக்காட்சியில் தொடங்கியது. தோலக்பூர் என்னும் கற்பனை நாட்டில் வாழும் சிறுவன் பீமன். சுட்கி, ராஜு, பேசும் குரங்காகிய ஜக்கு ஆகியோர் அவன் தோழர். காலியா என்பவன் அவனோடு எப்போதும் போட்டியிட்டுத் தோற்பவன். சுட்கியின் தாயார் செய்யும் இலட்டு உருண்டையை உண்டவுடன் பீமனுக்கு வலி பெருகும். பாரதத்துப் பீமனிடமிருந்து இத்தொடர் பெயரையும் வலியையும் பெரும்பசியையும் எடுத்துக்கொண்டது. கொள்ளாது விட்டது யாது?

பாரதத்தின் ஆதிபருவத்தில் பீமனுக்குத் தெளிவான தோற்றக்கதை உண்டு. இளமையிலேயே அவன் வலிமை கண்டு அழுக்காறு கொண்ட துரியோதனன், உறவினன் போல் உணவூட்டுவானாய், நஞ்சு கலந்த உணவை அளிக்கின்றான். மயங்கிய பீமனைக் கட்டி ஆற்றில் எறிகின்றான். பீமன் நாகருலகை அடைகின்றான். நாகங்களின் நஞ்சு உள்ளிருந்த நஞ்சை முறிக்கின்றது. அவனைத் தம் வழியினனாக உணர்ந்த நாகர் அமுதச் சாற்றை அருந்தத் தருகின்றனர். எட்டுக் கலம் அருந்திப் பதினாயிரம் யானை வலியுடன் அவன் மீள்கின்றான் என்பது வியாச பாரதம் தரும் செய்தி. வில்லிபுத்தூராரும் துரியோதனனின் இவ்வஞ்சத்தைத் தமிழிற் பாடியுள்ளார்.

இக்கதையின் நடுவண் இருப்பது உணவு. தொடரின் நடுவண் இருப்பதும் உணவே. இவ்வொற்றுமை தற்செயலாக வாய்த்ததாயினும் ஆகுக. இரண்டிற்கும் இடையிலுள்ள வேற்றுமையே ஆராயத்தக்கது. பாரதத்தில் வலி தரும் உணவிற்கு முன் நஞ்சு கலந்த உணவொன்று உண்டு. அந்நஞ்சை ஊட்டியவன் அயலான் அல்லன். உடன் விளையாடியவன், ஒரே மனையில் வளர்ந்தவன். பிற்காலக் குருக்கேத்திரப் போர் முழுதும் அவ்வொரு கவளத்தில் அடங்கியிருக்கின்றது. தொலைக்காட்சித் தொடர் அமுதை இலட்டாக்கி வைத்துக்கொண்டது, நஞ்சை நீக்கிவிட்டது. துரியோதனன் இருந்த இடத்திற் காலியா நிற்கின்றான். அவன் நகைப்பிற்குரியவன், அஞ்சத்தக்கவன் அல்லன்.

காரைக்குடியை அடுத்த கண்டனூரிலும் ஏனைய செட்டிநாட்டு ஊர்களிலும் அப்பத்தாவும் ஆயாவும் பேரப்பிள்ளைகட்குச் சொல்லிவந்த பாரதக் கதையில் இந்நஞ்சு இருந்தது. புரட்டாசித் திங்களில் இராமாயணம் படிக்கும் வழக்கமுடையன நகரத்தார் இல்லங்கள், 1939இல் சா. கணேசன் காரைக்குடியிற் கம்பன் கழகம் கண்டதும் இம்மண்ணிலேதான். காப்பியச் செவிச்செல்வம் இத்துணை நிறைந்த நாட்டிலும் பீமன் என்றவுடன் இலட்டை நினைக்கும் தலைமுறை வளர்கின்றது. தொடரின் மீது பழிசுமத்த இதனைக் கூறவில்லை. கதை கைம்மாறும்பொழுது எப்பகுதி உதிர்கின்றது என்பதை அறியவே கூறுகின்றோம்.

3. படம் தேடிச் சென்ற தோற்றம்

தொடரில் இல்லாத தோற்றத்தைப் படம் தந்ததா என்பது அடுத்த வினா. சோனாபூர் என்னும் பொன்னகரின் செல்வம் பற்றிக் கேள்வியுற்ற தோலக்பூர் மன்னன் இந்திரவர்மன் அதனை நாடிச் செல்கின்றான். அங்கே சாபத்தாற் கட்டுண்டு கிடந்த தம்யான் என்னும் கொடியோன் அதனால் விடுதலை பெறுகின்றான். அவன் சாவாமை பெற்றவன் ஆதலின் நிகழ்காலத்தில் அவனை வெல்லுதல் அரிது. எனவே பீமனும் தோழரும் ஆயிரம் ஆண்டு பின்னோக்கிச் சென்று, அவன் சாவாமை பெறுமுன் அவனைத் தடுக்க முயல்கின்றனர். குரு சம்பு என்பார் அவர்கட்குத் துணைநிற்கின்றார்.

இப்படத்தில் உயர்ந்த கூறு ஒன்று உண்டு. தீமையைக் கட்டவிழ்த்தது முதியோரின் பொன்னாசை. அதனைக் களைவது சிறுவரின் முயற்சி. மன்னன் தீயோன் அல்லன், ஆசையால் அறிவிழந்தோன். பெரியோர் பிழைக்குச் சிறியோர் விலை கொடுத்தல் என்னும் இக்கருத்து, வேடிக்கை நிறைந்த தொடரில் அரிதிற் காண்பதொன்று. திரைக்கதை இதனைப் பற்றிக்கொண்டு சென்றிருப்பின் படம் பெருமையுற்றிருக்கும். மாயமும் போரும் விரியவிரிய மன்னன் பிழை பின்தள்ளப்படுகின்றது.

இங்கு உற்றுநோக்கத்தக்க மற்றொன்றும் உண்டு. இப்படம் தோற்றத்தைத் தேடியே காலத்தில் பின்னோக்கிச் செல்கின்றது. தேடிச் செல்வதோ பகைவனின் தோற்றத்தை. தம்யான் வலி பெற்றது எங்ஙனம் என்பதைப் படம் விரிவாக ஆராய்கின்றது. பீமன் வலி பெற்றது எங்ஙனம் என்பதைக் கேட்கவேயில்லை. ஆயிரம் ஆண்டு பயணம் செய்யும் பீமன் தன்னைப் பற்றி ஒன்றும் அறியாதவனாகவே ஊர் திரும்புகின்றான். கடல் முன் நின்ற அனுமன் நிலை இதுவன்று. பாரதத்துப் பீமனின் தோற்றக்கதை கையெட்டும் தொலைவில் இருந்தும், படம் அதனை விடுத்துப் பகைவனுக்கொரு புதிய தோற்றத்தைப் படைத்துக்கொண்டது. இதே கதையை அவ்வியக்குநரே 2024இல் நடிகரைக் கொண்டு மீண்டும் படமாக்கினார். அதனால் இக்கதை ஆக்கியோர் உள்ளத்தில் முதன்மை பெற்றதென்பது விளங்கும்.

4. பிரஞ்சுப் படத்தோடு ஒப்புமை

இக்குறை சிறுவர் படத்திற்கு இயல்பானதோ எனின், அன்று. 2015இல் தொடங்கிய 'மிராக்குலஸ்' என்னும் பிரஞ்சுத் தொடரைத் தழுவி 2023இல் ஜெரமி சாக் இயக்கிய படம் இதற்குச் சான்று. பாரீசு நகரில் அடுமனை நடத்துவோர் மகளாகிய மரினெட் பொறிவண்டின் ஆற்றலையும், ஆத்ரியன் என்னும் மாணவன் கரும்பூனையின் ஆற்றலையும் பெறுகின்றனர். ஒருவர் முகமூடியை மற்றவர் அறியார். தொடரில் இத்தோற்றக்கதை முதற்பருவத்தின் இறுதியிலேயே சொல்லப்பட்டது. தோற்றம் பின்னர்ச் சொல்லப்படும் என முன்னர்க் கூறிய இயல்பு இங்கும் பொருந்துகின்றது. படமோ தோற்றத்தை முன்வைத்துக் கதையைப் புதிதாகக் கட்டியது.

பாடலும் காதலும் மிகுந்த அப்படத்திற் குறைகள் பல. ஆயினும் அதன் முடிச்சு வலிது. மக்கள் துயரைப் பயன்படுத்தி அவர்களைக் கொடியோராக்கும் பகைவன், ஆத்ரியனின் தந்தையே ஆவான். இழந்த மனைவியை மீட்கும் வேட்கை அவனைத் திரித்துவிட்டது. தான் அழிக்க முற்பட்ட கரும்பூனை தன் மகனே எனக் கண்ட கணத்தில் அவன் போர் ஓய்கின்றது. நஞ்சு மனைக்குள்ளே இருக்கின்றது என்பதை அப்படம் சிறுவரிடமிருந்து மறைக்கவில்லை. பாரதம் அறிந்த உண்மையைப் பாரீசுப் படம் தன் வழியிற் பேணியது. பீமன் பெயர் தாங்கிய படம் அதனைப் பொன்னகரின் மண்ணுக்கடியிற் புதைந்த அயலானிடம் ஒப்படைத்துவிட்டது.

5. ஒரு தடையும் அதற்கு விடையும்

'உறவினன் நஞ்சூட்டினான் என்பதைச் சிறுவர்க்குக் கூறலாமோ? அவர்தம் மென்மனம் வருந்தாதோ?' எனத் தடை எழுப்புவோர் உளர். பெரியாழ்வார் கண்ணனைக் குழவியாக்கிப் பாடிய பாசுரங்களில் பூதனை வருகின்றாள். தாய்போல் வந்து நஞ்சுண்ட முலையைத் தந்தவள் அவள். தாலாட்டும் அன்பின் நடுவே அந்நஞ்சைச் சொல்ல ஆழ்வார் தயங்கவில்லை. நஞ்சைச் சொன்னதால் தாலாட்டு அச்சப்பாட்டாகவில்லை; குழவி பிழைத்தது என்னும் உவகையே அதனாற் பெருகியது. எதைக் கூறுகின்றோம் என்பதினும் எவ்வன்பினுள் வைத்துக் கூறுகின்றோம் என்பதே சிறுவர் இலக்கியத்தில் கருதத்தக்கது.

இவ்வுண்மையை ஆக்கியோரே ஒருபுறம் உணர்ந்தனர் போலும். 2019இல் நெட்பிளிக்சு வாயிலாக வெளிவந்த அவர்தம் 'மைட்டி லிட்டில் பீம்' என்னும் தொடர் பீமனைத் தவழும் குழவியாகக் காட்டியது. உரையாடலே இல்லாத அத்தொடர் மொழிகடந்து பல நாட்டாரையும் அடைந்தது. சிறுவன் புகழ்பெற்ற பின் குழவி பிறந்தது. பிள்ளைத்தமிழ் முறை இதுவே. குழவியின் குறும்பு அதில் உண்டு. சிற்றில் சிதைக்கும் ஆண்பாற் பிள்ளையின் சாயலும் உண்டு. காப்புப் பருவம் மட்டும் இல்லை. தீங்கு உண்டு என்று அறிந்தவரே காப்பு வேண்டுவர். தீங்கறியாத உலகில் தெய்வத்தை அழைக்க வேண்டுவதில்லை.

6. புறநானூறு காட்டும் சிறுவன்

சிறுவனை வீரனாக்கிப் பாடுவதற்குத் தமிழில் தலைசிறந்த சான்று புறநானூற்றின் 77ஆம் பாடல். தலையாலங்கானத்துச் செருவென்ற பாண்டியன் நெடுஞ்செழியனை இடைக்குன்றூர் கிழார் பாடியது அது. கிண்கிணி நீங்கிய காலிற் கழல் புனைந்தவன். ஐம்படைத் தாலியை இன்னும் களையாதவன். பாலை விட்டு இன்றுதான் உணவுண்டவன். உணவும் வீரமும் இங்கும் அடுத்தடுத்து நிற்றல் நோக்கத்தக்கது. எதிர்வந்த பகைவரை அவன் வியக்கவும் இல்லை, இகழவும் இல்லை. வென்றபின் மகிழவும் இல்லை, தருக்கவும் இல்லை என்று புலவர் முடிக்கின்றார்.

இப்புலவர் வலியின் பிறப்பிடத்தைத் தேடவில்லை. வலி வந்தபின் சிறுவன் எத்தகையவன் ஆனான் என்பதையே நோக்கினார். அவன் உண்ட முதற்சோறு மாயச்சோறு அன்று; எல்லாப் பிள்ளையும் உண்பது. ஆகலின் இலட்டு வலி தருகின்றது என்னும் தொடரின் எளிமையை நாம் இகழவில்லை. அது எப்பிள்ளையும் தன்னைப் பீமனாக எண்ண இடந்தருகின்றது. ஆனால் உண்டு வென்று மீண்டும் உண்ணுதலோடு கதை நின்றுவிடுகின்றது. செழியனின் அடக்கத்தைப் பிள்ளைகள் அங்கே கற்றற்கு இடம் சிறிது.

முடிபு

மேற்கூறியவற்றால் மூன்று கருத்துகள் போதரும். தோற்றக்கதை கடமையைத் தருதல் வேண்டும். அனுமன் கதை இதற்குச் சான்று. தோற்றக்கதை தீமை இருக்குமிடத்தை உள்ளவாறு காட்டுதல் வேண்டும். பாரதத்துப் பீமன் கதையும் பூதனை கதையும் சான்று. ஆற்றல் பெற்ற சிறுவனின் பண்பை அது உருவாக்குதல் வேண்டும். செழியன் பாடல் சான்று. தம்யான் படம் முதியோர் பொன்னாசையைக் காட்டிய அளவில் இரண்டாவதன் வாயில்வரை சென்று மீண்டது. ஏனைய இரண்டையும் அது தீண்டவில்லை.

இராயவரத்திற் பிறந்த அழ. வள்ளியப்பா குழந்தைப் பாடலுக்கு வாழ்நாளை ஈந்தார். 1950இல் குழந்தை எழுத்தாளர் சங்கம் அவர் முயற்சியால் எழுந்தது. சிறுவர் இலக்கியம் பெரியோர் கவனத்திற்குரியது என்பதை அத்தலைமுறை செயலிற் காட்டியது. ஏடு திரையாகிய இக்காலத்தில் அக்கவனம் திரைக்கும் உரியது. முதுகலை மாணவர் வில்லியின் பீமனையும் திரைப் பீமனையும் ஒருங்கு வைத்து ஆராய முன்வரல் வேண்டும். கண்டனூர்ச் சிறுவன் ஒருவன் இலட்டுண்ணும் பீமனைக் கண்டு மகிழ்வதில் நமக்கு மறுப்பில்லை. அப்பீமன் ஒருகால் நஞ்சையும் உண்டான், உண்டும் பிழைத்தான் என்பதை அவனுக்குச் சொல்ல ஒருவர் வேண்டும். அது நம் கடன் என்க.